கில்கிட் ஸ்கவுட்ஸ்: தொப்பியில் ஒரு மலையாடு

ஸ்கவுட்ஸ்னு சொன்னதும் பள்ளிச் சாரணர் படைதான் ஞாபகத்துக்கு வரும். இது வேற! 1913இல் காஷ்மீரின் வடக்கு எல்லையைக் காக்க பிரிட்டிஷார் அமைத்த உள்ளூர்ப் படை இது.

சின்னத்தில் என்ன இருந்தது?

கம்பளித் தொப்பியின் முன்பக்கம் ஓர் உலோகச் சின்னம். அதில் ஐபெக்ஸ் எனும் மலையாட்டின் தலை. பின்னோக்கி வளைந்த நீண்ட கொம்புகள். அங்குள்ள செங்குத்துப் பாறைகளில் வாழும் ஆடு அது.

அணிந்தது யார்?

ஹூன்சா, நகர் போன்ற சிற்றரசுகளின் இளைஞர்கள். மலைப்பாதைகள் அவர்களுக்கு அத்துப்படி. தலைமை மட்டும் பிரிட்டிஷ் அதிகாரிகளிடம்.

1947இல் என்ன ஆச்சு?

ஆகஸ்ட் 1ஆம் தேதி பிரிட்டன் கில்கிட்டைக் காஷ்மீர் மகாராஜாவிடம் திருப்பிக் கொடுத்தது. அக்டோபர் கடைசியில் அவர் இந்தியாவுடன் இணைந்தார். சில நாளிலேயே அவருடைய ஆளுநர் கன்சாரா சிங்கை ஸ்கவுட்ஸ் வீரர்கள் கைது செய்தார்கள். கில்கிட் பாகிஸ்தான் பக்கம் போனது.

இப்போது?

1975இல் அந்தப் படை, பாகிஸ்தானின் வடக்கு இலகு காலாட்படையுடன் இணைக்கப்பட்டது. அதன் சின்னத்திலும் அதே மலையாடுதான்.

ஆட்சி மாறியது, ஆடு மாறல. ஆனா கில்கிட் யாருக்குச் சொந்தம்? இந்தியா, பாகிஸ்தான் இடையே அந்தத் தகராறு இன்னும் தீரவில்லை.