இளையோர் மாயப் புனைகதைகளில் அதிகாரமும் துரோகமும்

பதின்ம வயதினருக்கென எழுதப்படும் மாயப் புனைகதைகளில் சிம்மாசனமும், அதைத் தாங்கி நலியும் தாழ்ந்த குலமும், இவ்விரண்டுக்கும் இடையே நேரும் நம்பிக்கைத் துரோகமும் இன்று இன்றியமையாத அங்கங்களாகிவிட்டன. ஆயினும் துரோகத்தைத் தனியொருவனின் பாவமாக மட்டும் கருதாமல், குலபேதம் விளைவிக்கும் தீமையாகவும் கண்டுணர இவ்விலக்கியத்துக்கு நெடுங்காலம் பிடித்தது.

ஸ்காட்லாந்தினரான ஜார்ஜ் மெக்டொனால்ட் 1872-இல் நூலாக வெளியிட்ட ‘தி பிரின்சஸ் அண்ட் தி காப்ளின்’ கதையில் இளவரசியைக் காப்பவன் சுரங்கத் தொழிலாளியின் மகனான கர்டி. 1883-இல் வந்த அதன் தொடர்ச்சியில், அரசனுக்கு நஞ்சூட்டும் அரண்மனை வைத்தியரையும் பிரதானிகளையும் முறியடிப்பவனும் அவனே. அந்த ஏழைச் சிறுவனுக்கு முடிசூட்டியதோடு மங்களம் பாடியிருக்கலாம். மெக்டொனால்டோ, அரசனும் அரசியுமான கர்டியும் இளவரசியும் சந்ததியின்றி மறைய, அடுத்து வந்தவன் பொன்னாசையால் நகரின் அடித்தளத்தையே அகழ்ந்து தீர்க்க, தலைநகர் முழுவதும் சரிந்து அழிந்ததென்று முடித்தார். சி. எஸ். லூயிஸ் 1950-இல் வெளியிட்ட முதல் நார்னியா நூலில் எட்மண்ட் என்னும் சிறுவன் மிட்டாய்க்கும் அரச பதவிக்கும் ஆசைப்பட்டு உடன்பிறந்தாருக்குத் துரோகம் இழைக்கிறான். அங்கே அது ஆன்மாவின் பிழை மட்டுமே.

உண்மையான திருப்பம் அமெரிக்கரான லாயிட் அலெக்சாண்டர் 1964 முதல் 1968 வரை எழுதிய பிரிடெய்ன் வரிசையில் நிகழ்ந்தது எனத் துணிந்து கூறலாம். 1967-இல் வந்த ‘டாரன் வாண்டரர்’ நூலில், பன்றிகளைப் பேணும் டாரன், இளவரசியை மணக்கும் தகுதி வேண்டித் தன் உயர்குடிப் பிறப்பைத் தேடிச் செல்ல, வறிய இடையன் ஒருவன் தானே தந்தை என்று பொய் சொல்கிறான். பின்னர் அம்முதியவன் பாறைச் சரிவில் விழுந்து கிடக்கையில், இவன் இறந்தால் நமக்கு விடுதலை என்னும் எண்ணம் டாரன் உள்ளத்தில் எழுகிறது. பகைவரின் சூழ்ச்சியாலன்றி, உயர்குலத்தின்மீது கொண்ட மோகத்தால் ஒரு நல்ல இளைஞன் துரோகத்தின் வாசல்வரை வந்துவிடும் இவ்விடமே வரிசையின் சிகரம். இறுதியில் அவன் மகுடம் பெறும்போதும் அவனுடைய பெற்றோர் இன்னாரென்று எவரும் அறியார். வம்ச ரகசியம் வெளிப்பட்டு ஏழை அரசனாகும் பழைய மரபை அலெக்சாண்டர் அறவே துறந்தார்.

பிலிப் புல்மன் 1995-இல் வெளியிட்ட ‘நார்தர்ன் லைட்ஸ்’ இன்னும் கூர்மையானது. மனிதரின் ஆன்மா விலங்குருவில் உடன் வாழும் அவ்வுலகில், வேலைக்காரர்களின் ஆன்மாக்கள் பெரும்பாலும் நாய்களாகின்றன. தன் ஆராய்ச்சிக்கு ஒரு குழந்தையைப் பலியிட வேண்டிய ஆஸ்ரியல் பிரபு, தன்னைத் தேடிவந்த மகள் லைராவைக் கண்டு அஞ்சி நடுங்குகிறார். அவள் பின்னால் நிற்கும் கல்லூரிச் சமையற்கட்டுச் சிறுவன் ராஜரைக் கண்டதும் அமைதியுறுகிறார். அந்த அமைதியில் ஒரு வர்க்கத்தின் கொடுமை முழுவதும் அடங்கியுள்ளது. லைராவோ, தோழனைக் கொலைக்கு அழைத்துவந்தோம் என்பதை அறியாமலே துரோகியாகிறாள்.

விக்டோரியா அவெயார்டின் ‘ரெட் குவீன்’ 2015-இல் இப்பேதத்தை உடலிலேயே பொறித்தது: வெள்ளி நிற இரத்தமுடையோர் அபூர்வ சக்திகளுடன் ஆள, சிவப்பு இரத்தத்தார் ஊழியம் செய்தும் போரில் மடிந்தும் கழிகின்றனர். ஏழைப் பெண் மேர், புரட்சிக்குத் துணைநிற்பதாக நடித்த இளவரசன் மேவனால் காட்டிக்கொடுக்கப்படுகிறாள். ஆனால் 2017-இல் வந்த அவ்வரிசையின் மூன்றாம் நூலில், அவளை மெய்யாகவே நேசிக்கும் மூத்த இளவரசன் கேல், அவளுக்கும் மகுடத்துக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தபோது மகுடத்தையே ஏற்கிறான். வஞ்சம் சிறிதுமற்ற இத்துரோகம் மேவனுடையதைவிட ஆழமானது.