வலைக்கதவும் கழற்றி மாட்டும் கண்ணாடிப் பலகையும் - ஒரு சிறு வரலாறு

நம்மூரில் கேரவன் என்றால் உடனே சினிமா படப்பிடிப்புதான் நினைவுக்கு வரும். ஆனால் அமெரிக்காவில் சாதாரணக் குடும்பங்களே காருக்குப் பின்னால் இப்படி ஒரு வீட்டுவண்டியை இழுத்துக்கொண்டு விடுமுறைக்குக் கிளம்பிவிடுகின்றன. அதன் பெயர் கேம்பர். அதன் வாசலில் பெரும்பாலும் இரண்டு கதவுகள் இருக்கும். வெளியே கனமான கதவு, உள்ளே கொசுவலை அடித்த கதவு. இந்த வலைக்கதவின் மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பலகையைப் பொருத்திக்கொள்வது பலருடைய வழக்கம். வேண்டும்போது மாட்டலாம், வேண்டாதபோது கழற்றலாம். சின்ன விஷயம்தான். ஆனால் இதற்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேலான கதை இருக்கிறது!

முதலில் வலை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஜார்ஜ்டவுன் என்ற சிற்றூர். அங்கே கில்பர்ட் அண்ட் பென்னட் என்ற நிறுவனம் சல்லடை செய்து விற்றுவந்தது. 1861-ல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் தென் மாநில வியாபாரம் நின்றுபோனது. கம்பிவலை தேங்கிக் கிடந்தது. துருப்பிடிக்காமல் இருக்க அதற்குச் சாம்பல் நிற வர்ணம் பூசி, ஜன்னலில் அடிக்கும் வலையாக விற்றார்கள். மாவு சலித்த வலை ஈயைத் தடுக்க வந்தது இப்படித்தான்.

அப்போது அது வெறும் வசதி. உயிர் காக்கும் பொருள் என்று தெரிய இன்னும் காலம் ஆனது. 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். கெட்ட காற்றுதான் காய்ச்சலுக்குக் காரணம் என்று அதுவரை பலர் நம்பியிருந்தார்கள். காற்றா, கொசுவா? இதைத் தீர்க்க 1900-ல் பாட்ரிக் மேன்சன் ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்தார். இத்தாலியில் ஓஸ்டியா அருகே, மலேரியா மிகுந்த சதுப்பு நிலத்தில், வலை அடித்த மரக்குடில் ஒன்று வைக்கப்பட்டது. லூயி சாம்பன், ஜார்ஜ் கார்மைக்கேல் லோ என்ற மருத்துவர்களும் உடன் சிலரும் அதில் சில மாதங்கள் தங்கினார்கள். பொழுது சாயும் முன் உள்ளே போய்விடுவார்கள். அதே சதுப்புக் காற்றைத்தான் சுவாசித்தார்கள். ஒருவருக்கும் மலேரியா வரவில்லை!

பனாமா கால்வாய் இதைப் பெரிய அளவில் காட்டியது. 1880-களில் பிரெஞ்சுக்காரர்கள் முயன்றபோது 20,000-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். 1904-ல் அமெரிக்கா வேலையை ஏற்றதும் மருத்துவர் வில்லியம் கார்கஸ் தேங்கிய நீரை ஒழித்தார், கட்டடங்களுக்கு வலை அடிக்க வைத்தார். மஞ்சள் காய்ச்சல் ஓரிரு ஆண்டுகளிலேயே ஒழிந்தது. கால்வாய் 1914-ல் திறக்கப்பட்டது.

ஆனால் வலைக்கு ஒரு குறை உண்டு. கொசுவை நிறுத்தும், குளிரையும் சாரலையும் நிறுத்தாது. அமெரிக்க வீடுகளில் கோடையில் வலைச் சட்டம், குளிர்காலத்தில் கண்ணாடிச் சட்டம் என்று மாற்றி மாட்டினார்கள். வீட்டுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை மாற்றினால் போதும். ஊர் ஊராக ஓடும் வண்டிக்கு? காலையில் குளிர், மதியம் வெயில், மாலையில் மழை, இரவில் கொசு. ஒரே நாளில் நான்கும் வரும். குலுங்கும் வண்டியின் லேசான கதவில் கண்ணாடியை ஏற்றினால் கனம், உடைந்தால் ஆபத்து.

இதற்கு விடை 1930-களில் வந்தது. ஜெர்மனியில் ரோம் அண்ட் ஹாஸ் 1933-ல் பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயரில் அக்ரிலிக் தகட்டைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் அதே பொருள் பெர்ஸ்பெக்ஸ் ஆனது. இரண்டாம் உலகப்போரில் ஸ்பிட்ஃபயர் விமானியின் தலைக்கு மேல் இருந்த கூண்டு அதுதான். எடை கண்ணாடியில் பாதிகூட இல்லை, ஒளியை 92 சதவீதம் விடும். வாலி பயம் தன் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் வண்டியை வெளியிட்டதும் அதே பத்தாண்டில்தான், 1936-ல். போருக்குப் பின் அக்ரிலிக் சாதாரண மக்களின் கைக்கும் வந்தது.

மாட்டுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. அக்ரிலிக் வெயிலில் நன்றாக விரியும். 60 செ.மீ. பலகை 40 டிகிரி வெப்பம் கூடினால் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் நீளும். இறுக்கித் திருகினால் துளையைச் சுற்றி விரிசல் விடும். அதனால் துளையைச் சற்றுப் பெரிதாகப் போட வேண்டும், அல்லது திருப்பு கொக்கியில் தளர்வாக நிறுத்த வேண்டும். பலகையைக் கையாலேயே கழற்ற முடிவதும் இதனால்தான்.

கழற்ற முடிவது வெறும் வசதிக்காக மட்டும் அல்ல. சிறிய வண்டிக்குள் கேஸ் அடுப்பு எரியும்போது எல்லாத் திறப்புகளையும் அடைத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஒரு காலத்தில் காற்றைக் கண்டு பயந்து கதவை அடைத்தார்கள். பயப்பட வேண்டியது கொசுவுக்கு என்று வலை கற்றுக்கொடுத்தது. காற்று உள்ளே வந்தாக வேண்டும் என்பதை இந்தக் கழற்றும் பலகை மறக்காமல் வைத்திருக்கிறது.