கள்ளுக்கடையும் லைசென்சும்

கெடாவின் பழைய தோட்டத்து ஆட்களிடம் பேச்சுக் கொடுத்தால் கோயில், பள்ளிக்கூடம், லயம், கள்ளுக்கடை என்று நாலு இடத்தைச் சுற்றித்தான் கதை ஓடும். முதல் மூன்றைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். நாலாவது வரும்போது மட்டும் ‘குடிச்சே கெட்டான் தமிழன்’ என்று ஒரு பெருமூச்சு விட்டுக் கதையை முடித்துக்கொள்கிறோம். எனக்கு அந்தப் பெருமூச்சு போதவில்லை. கடை தானாக முளைத்ததில்லை. அதற்கு லைசென்ஸ் இருந்தது. லைசென்ஸ் என்று ஒன்று இருந்தால், கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், லாபம் யாருக்கு என்று கேட்கத்தான் வேண்டும்.

சயாமின் மேலாதிக்கத்தில் இருந்த காலத்தில், கெடாவில் அபின், சாராயம், சூதாட்டம் மூன்றும் குத்தகைக்கு விடப்பட்டன. பினாங்கின் சீன முதலாளிகள் அவற்றைப் பெரிய தொகைக்கு எடுத்தார்கள். சுல்தானின் கஜானா அந்தப் பணத்தை நம்பியிருந்தது. 1909இல் பாங்காக் உடன்படிக்கையோடு கெடா பிரிட்டிஷார் கைக்கு மாறியது. ஆலோசகர் வந்தார், இலாகாக்கள் வந்தன. காலப்போக்கில் குத்தகை போய் லைசென்ஸ் வந்தது. ஆள் மாறியதே தவிர, மக்களின் போதையிலிருந்து வருமானம் எடுக்கும் வழி மாறவில்லை. சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களில் ரப்பர் தோட்டங்கள் பெருகியதும் இதே காலத்தில்தான்.

கள் மற்றச் சரக்கைப் போல இருப்பு வைக்கக்கூடியது அல்ல. இறக்கிய நேரத்திலிருந்து நுரைத்துப் புளிக்கத் தொடங்கிவிடும். மறுநாள் வாயில் வைக்க முடியாது. அன்றன்றே விற்றாக வேண்டும் என்றால் வாடிக்கையாளர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், தினமும் வர வேண்டும். தோட்டத்தைவிட அதற்குத் தோதான இடம் ஏது? பால் வெட்டி முடித்த கூட்டம், வேறு போக்கிடம் இல்லாத சாயங்காலம், பட்டணத்துக்கு மைல் கணக்கில் செம்மண் பாதை. தோட்டத்துக்குள் கடை நடத்தும் உரிமை நிர்வாகத்துக்கே கிடைத்தது.

இதற்கு நிர்வாகங்கள் ஒரு நியாயம் வைத்திருந்தன. கடை இல்லாவிட்டால் ஆள் சம்சு குடிப்பான், அதைவிட மேற்பார்வையில் விற்கும் கள் மேல். லாபத்தையும் நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை, தொழிலாளர் நலனுக்கென்று ஒரு நிதியில் போடுகிறோம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். கூலி கொடுப்பதும் கடை வைத்திருப்பதும் ஒரே கைதான். ஆண் குடித்த காசு, அவன் வீட்டு அரிசியிலிருந்து போன காசு, துரையின் தர்மமாக விளையாட்டுக்கும் திருவிழாவுக்கும் திரும்பி வருகிறது. கொடுத்தவனே கைகட்டி நன்றி சொல்ல வேண்டும்.

இதை எதிர்க்கும் குரல் முதலில் வெளியிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் காந்தியின் மதுவிலக்கு, 1929 கடைசியில் மலாயாவுக்கு வந்த பெரியாரின் சுயமரியாதைப் பேச்சு, 1937இல் சேலத்தில் ராஜாஜி கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம் எல்லாம் பத்திரிகை வழியாகவும் கப்பல் வழியாகவும் இங்கே வந்து சேர்ந்தன. ஆனால் லயத்து இளைஞனின் முதுகை நிமிர்த்தியது ஜப்பான் காலம்தான். சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களை அவன் பார்த்தான். இந்திய தேசிய ராணுவத்தில் தமிழன் சீருடை போட்டு நின்றதையும் பார்த்தான். துரைமார் ஓடியதையும் பார்த்துவிட்டான். 1945இல் அதே துரைமார் திரும்பி வந்தபோது, பழைய மாதிரி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க அவனுக்கு மனம் வரவில்லை.

பீடோங் பக்கம் ஹார்வார்டு தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது இந்தச் சூழலில்தான். இளைஞர்கள் அணிவகுத்துப் பயிற்சி எடுத்தார்கள். பக்கத்துத் தோட்டங்களுக்கும் பரவினார்கள். குடியை நிறுத்துவது அவர்களுடைய முதல் வேலைகளில் ஒன்று. கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்தார்கள். 1947 பிப்ரவரி கடைசியில் பீடோங்கில் கள்ளுக்கடை எதிர்ப்புக்காகத் திரண்ட தொழிலாளர்கள் மீது போலீஸ் பாய்ந்தது. மார்ச் தொடக்கத்தில் மறுபடியும் மோதல். அடிதடி, கைது, வழக்கு, உயிர்ச்சேதம். ஏப்ரலில் கூலிம் பக்கம் டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து ஒரு தொழிலாளி செத்தார்.

சட்டத்தின் கண்ணில் இதில் குழப்பமே இல்லை. கடை சட்டப்படி நடக்கிறது, குடிப்பவன் சட்டப்படி குடிக்கிறான். வாசலில் கூடி ‘குடிக்காதே’ என்பவன்தான் சட்டவிரோதக் கூட்டம். லைசென்ஸ் கடைக்கு மட்டும் தரப்படவில்லை. கடையைக் காக்கப் போலீசுக்கும் சேர்த்தே தரப்பட்டது.

தொண்டர் படையைப் புனிதமாக்கவும் எனக்கு விருப்பமில்லை. குடித்தவர்களைப் பிடித்து ஊர் பார்க்கத் தண்டித்தார்கள். ஒரு அதிகாரத்தை எதிர்த்தவர்கள் லயத்துக்குள் இன்னொரு அதிகாரமாக நின்றார்கள். வலி தெரிந்த பெண்களின் ஆதரவு அவர்களுக்கு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். முதுகில் அடி வாங்கியவனும் அதே பெண்களில் ஒருத்தியின் புருஷனோ பிள்ளையோதான்.

பெரியவர்களின் கேளிக்கைத் தொழிலை அரசு என்ன செய்வது என்ற கேள்வி உலகம் முழுக்க இன்னும் தீரவில்லை. பாலியல் தொழிலில் சுவீடன் 1999இல் வாங்குபவரைக் குற்றவாளி ஆக்கியது. நெதர்லாந்து 2000இல் விடுதிகளுக்கு இருந்த தடையை நீக்கி லைசென்ஸ் முறைக்குப் போனது. இரண்டு பக்கமும் வாதம் நடக்கிறது. கெடாவிலும் நடக்கிறது. 2011இல் ரமலான் மாதத்தில் கேளிக்கை விடுதிகளை மூடச் சொன்ன மாநில அரசு, எதிர்ப்பு கிளம்பியதும் முஸ்லிம் அல்லாதாருக்குத் தளர்த்தியது. 2021இல் நாலு நம்பர் கடைகளின் லைசென்சைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்தது.

திறப்பதா மூடுவதா என்பதில் நல்லவர்கள் இரண்டு பக்கமும் இருக்கலாம். பீடோங் எனக்குச் சொல்வது அதற்கு முந்தைய ஒன்றை. குத்தகைக்காரர், ஆலோசகர், துரை, மந்திரி என்று லைசென்ஸ் கொடுக்கவும் பிடுங்கவும் கை நீண்டவர்கள் எப்போதும் கடைக்கு மேலே இருந்தவர்கள். கடைக்கு எதிர் லயத்தில் குடியிருந்தவர்களை யாரும் கேட்டதில்லை. 1947இல் அவர்கள் கேட்காமலே பதில் சொன்னார்கள். அதனால்தான் அடி விழுந்தது.