பிடிப்பதற்கு ஒன்றுமில்லாத ஊர்

வீட்டில் பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். பாட்டியோ பெரியம்மாவோ கட்டிய சின்னாளப்பட்டி சேலை ஒன்று அடியில் கிடந்தாலும் கிடக்கும். தூக்கிப் பிடித்தால் பட்டு மாதிரியே பளபளக்கும். ஆனால் பட்டு இல்லை. ஆர்ட் சில்க் என்கிற செயற்கை இழை. திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகிற வழியில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் வருகிற சின்னாளப்பட்டி, ஒரு காலத்தில் இந்தச் சேலைக்காகவே தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டது. காஞ்சிபுரம் வாங்க வசதியில்லாத வீடுகளில் விசேஷத்துக்கு அதுதான் பட்டு. வாங்கியவர்கள் யாரும் ஏமாறவில்லை. தெரிந்தேதான் கட்டினார்கள். நூல் நிஜம், நெசவு நிஜம். பட்டு மட்டும் பார்க்கிறவர் கண்ணில்.

ஆக்மென்டட் ரியாலிட்டி என்று கம்ப்யூட்டர்காரர்கள் பெயர் வைத்திருப்பதும் கிட்டத்தட்ட இதே சமாசாரம்தான். தெரு நிஜம், மரம் நிஜம். அதன்மேல் இல்லாத ஒன்றை செல்போன் ஏற்றிக் காட்டும். பல வருடங்களாக ஆராய்ச்சிக்கூடங்களில் மட்டும் புழங்கிக்கொண்டிருந்த இந்தப் பெயரை ஒரே வாரத்தில் உலகத்தின் வாயில் போட்டது ஒரு விளையாட்டு. போகிமான் கோ. 2016 ஜூலை 6-ம் தேதி அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றிலும் வெளியானது.

விதி ரொம்ப சுலபம். நீங்கள் நடக்கவேண்டும். உட்கார்ந்த இடத்தில் விளையாட முடியாது. உங்கள் செல்போனுக்கு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியும். அந்த இடத்தின் வரைபடத்தில் சில குட்டி ஜந்துக்கள் ஒளிந்திருக்கும். பக்கத்தில் போனால் திரையில் தலைகாட்டும். காமிராவைத் திருப்பினால் உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிற மாதிரி தெரியும். ஒரு பந்தை விட்டெறிந்து பிடிக்கவேண்டும். அந்தப் பந்து தீர்ந்துபோனால்? அதற்கென்று சில இடங்கள் உண்டு. போகிஸ்டாப் என்று பெயர். தேவாலயம், சிலை, பூங்கா, நீரூற்று. அங்கே நேரில் போய் நின்றால் பந்து கிடைக்கும். இந்த போகிஸ்டாப்பை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவுக்குக் கிறுக்குப் பிடித்தது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் அபூர்வமான ஜந்து ஒன்று தலைகாட்டியதும் ராத்திரி நேரத்தில் கூட்டம் கூட்டமாக ஓடினார்கள். கலிபோர்னியாவில் செல்போனைப் பார்த்துக்கொண்டே போன இரண்டு பேர் கடலோரப் பாறைச் சரிவிலிருந்து விழுந்தார்கள். பிழைத்துவிட்டார்கள். மிசௌரி மாநிலத்துத் திருடர்கள் சிலர், ஆட்டக்காரர்கள் எங்கே வந்து நிற்பார்கள் என்று தெரிந்துகொண்டு கொள்ளையடித்தார்கள். ஹிட்லர் கொன்ற யூதர்களின் நினைவாக வாஷிங்டனில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதற்குள்ளும் ஜந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். தயவுசெய்து இங்கே வேண்டாம் என்று நிர்வாகமே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. செப்டம்பரில் கணக்குச் சொன்னார்கள். ஐம்பது கோடி முறை இறக்கப்பட்டிருக்கிறது. ஆட்டக்காரர்கள் மொத்தமாக நடந்த தூரம் 460 கோடி கிலோமீட்டர். டாக்டர்கள் தலைகீழாக நின்று சொல்லியும் நடக்காத ஜனம்!

பங்குச் சந்தைக் கதை இன்னும் சுவாரசியம். பி.காம் படித்தவனுக்கு இதைச் சொல்லாமல் போக மனசு வராது. போகிமான் என்றால் நின்டெண்டோ. 1889-ல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு செய்து விற்க ஆரம்பித்த கம்பெனி. விளையாட்டு வந்த இரண்டே வாரத்தில் அதன் பங்கு விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. சந்தை மதிப்பில் சோனியையே முந்தியது. அப்புறம் ஜூலை 22-ம் தேதி நின்டெண்டோவே ஓர் அறிக்கை விட்டது. ஐயா, இந்த விளையாட்டைச் செய்தது நாங்கள் இல்லை. போகிமான் கம்பெனியில் எங்கள் பங்கு 32 சதவிகிதம்தான். எங்கள் லாபத்தில் பெரிய மாற்றம் இருக்காது. அடுத்த திங்கட்கிழமை விலை ஒரே நாளில் சுமார் 18 சதவிகிதம் விழுந்தது. ஆக, அத்தனை நாளும் லட்சக்கணக்கான பேர் பாலன்ஸ் ஷீட்டைப் புரட்டாமலே வாங்கியிருக்கிறார்கள். அவர்களும் திரையில் தெரிந்த ஜந்துவைத்தான் துரத்தியிருக்கிறார்கள்.

சரி, செய்தது யார்? ஜான் ஹாங்கி என்கிற அமெரிக்கர். டெக்சாஸில் கிராஸ் ப்ளெய்ன்ஸ் என்கிற, ஆயிரம் பேர் வாழும் ஊரில் வளர்ந்தவர். 2001-ல் கீஹோல் என்று ஒரு கம்பெனி தொடங்கினார். செயற்கைக்கோள் படங்களை ஒட்டி, பூமிப்பந்தைக் கம்ப்யூட்டரில் சுற்றிப் பார்க்கவைக்கிற வித்தை. 2003-ல் ஈராக் போரின்போது டி.வி.யில் பாக்தாத் மேல் பறந்து பறந்து காட்டினார்களே, அது இவர்கள் சரக்கு. அதே வருடம், அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ.வுக்காக நடத்தப்படும் இன்-க்யூ-டெல் என்கிற முதலீட்டு நிறுவனம் இதில் பணம் போட்டது. 2004-ல் கூகுள் வாங்கியது. கூகுள் எர்த் பிறந்தது.

கூகுளுக்குள்ளேயே 2010-ல் நியான்டிக் என்கிற பிரிவை ஹாங்கி தொடங்கினார். நியான்டிக் ஒரு கப்பலின் பெயர். 1849-ல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று உலகமே ஓடியபோது சான்பிரான்சிஸ்கோவுக்கு வந்த கப்பல். வந்தவர்கள் இறங்கித் தங்கம் தேடப் போய்விட்டார்கள். அநாதையாக நின்ற கப்பலைக் கரைக்கு இழுத்துக் கிடங்காக்கினார்கள். 1851-ல் தீப்பிடித்து எரிந்தது. மிச்சத்தின்மேல் ஓட்டல் கட்டினார்கள். நகரம் வளர்ந்து கப்பலை விழுங்கிவிட்டது. காலடியில் இருப்பது நமக்குத் தெரிவதில்லை, தெரியவைக்கவேண்டும் என்பதற்காக ஹாங்கி வைத்த பெயர் அது. நல்ல எண்ணம்தான்.

போகிமானுக்கு முன்பே நியான்டிக் 2012-ல் இங்க்ரஸ் என்று ஒரு விளையாட்டு விட்டது. அதிலும் நடக்கவேண்டும். உங்கள் ஊரில் முக்கியமான இடம் எது, போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று ஆட்டக்காரர்களையே கேட்டார்கள். விழுந்து விழுந்து அனுப்பினார்கள். கம்பெனிக்குச் செலவில்லாமல் உலக வரைபடத்தில் லட்சக்கணக்கான புள்ளிகள் சேர்ந்தன. 2016-ல் போகிஸ்டாப் ஆனது அந்தப் புள்ளிகள்தான். யார் வைத்த புள்ளி? நல்ல போனும், இன்டர்நெட்டும், ஓய்வும் உள்ளவர்கள் வைத்தது. அவர்கள் எங்கே இருந்தார்களோ அங்கே ஊர் இருந்தது. வாஷிங்டனில் அர்பன் இன்ஸ்டிட்யூட் என்கிற அமைப்பு எண்ணிப் பார்த்தது. வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில் சராசரியாக 55 புள்ளிகள். கறுப்பர் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில் 19. யாரும் திட்டம் போட்டு ஒதுக்கவில்லை. அந்தத் தெருக்களில் யாரும் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது சின்னாளப்பட்டிக்கு வாருங்கள். 2016 ஜூலை. இந்தியாவில் விளையாட்டு இன்னும் வெளியாகவில்லை. ஆனாலும் சென்னை, மும்பைப் பையன்கள் பின்வாசல் வழியாக இறக்கித் தெருத்தெருவாக அலைந்துகொண்டிருந்தார்கள். சின்னாளப்பட்டியிலும் ஒரு பையன் இறக்கினான் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையைத் திறக்கிறான். என்ன தெரிந்திருக்கும்? இங்க்ரஸ் ஆட்டக்காரர்கள் எட்டிப்பார்க்காத ஊர் என்றால், ரோடு மட்டும் கோடு கோடாகத் தெரியும். போகிஸ்டாப் கிடையாது. கையிலிருக்கிற பந்து தீர்ந்தால் தீர்ந்ததுதான். திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ பஸ் ஏறவேண்டும்.

அந்த ஊரில் ஒன்றுமே இல்லையா என்ன? நான்கு முகத்தோடு முருகன் நிற்கிற கோயில் இருக்கிறது. தறிச்சத்தம் கேட்ட தெருக்கள் இருக்கின்றன. அருகிலேயே காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கியது, இன்றைக்குப் பல்கலைக்கழகமாக நிற்கிறது. அதற்கு இருநூறு ஏக்கருக்கும் மேல் நிலம் கொடுத்தவர்கள் சின்னாளப்பட்டிக்காரர்கள். அமெரிக்காவில் பார்க் பெஞ்சுக்கும் சுவர்ச் சித்திரத்துக்கும் புள்ளி வைத்திருந்தார்கள்!

சரி, புள்ளி இல்லையென்றால் நாமே வைத்துவிட்டால் என்ன? 2019-ல் உலகம் முழுக்க ஆட்டக்காரர்களுக்கு அந்த அனுமதி வந்தது. ஆனால் நாற்பதாவது லெவலைத் தொட்டிருக்கவேண்டும். அதற்கு இரண்டு கோடி பாயின்ட் சேர்க்கவேண்டும். போகிஸ்டாப் இல்லாத ஊரில் பாயின்ட் எப்படிச் சேரும்? பாங்கில் கடன் கேட்டால் ஏற்கெனவே சொத்து இருக்கிறதா என்று கேட்பார்களே, அந்த மாதிரி. பிற்பாடு லெவலைக் கொஞ்சம் குறைத்தார்கள்.

வரைபடத்தில் இடம்பிடிக்க இன்னொரு வழியும் உண்டு. காசு. ஜப்பானில் விளையாட்டு வெளியானபோது மெக்டொனால்ட்ஸ் கடைகள் சுமார் மூவாயிரம் அப்படியே உள்ளே வந்தன. இந்தியாவுக்கு முறைப்படி வந்தது 2016 டிசம்பரில், ரிலையன்ஸ் ஜியோவின் கைபிடித்து. கோயில்களில் முட்டை காட்டுகிறார்கள், மத உணர்வு புண்படுகிறது என்று குஜராத் உயர்நீதிமன்றத்தில் செப்டம்பரிலேயே வழக்கு வந்துவிட்டது, அது தனிக்கதை. டிசம்பரில் ஜியோ கடைகளும் ரிலையன்ஸ் டிஜிட்டல் கடைகளும் போகிஸ்டாப் ஆயின. நானூறு வருடக் கோயிலுக்கு ஒரு ஆள் போட்டோ எடுத்து அனுப்பவேண்டும். நேற்றுத் திறந்த செல்போன் கடைக்கு ஒப்பந்தம் போதும். தமாஷ் என்னவென்றால், அந்த டிசம்பரில் நம் ஜனங்கள் ஏற்கெனவே தெருவில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். நவம்பர் 8-ல் ஐநூறும் ஆயிரமும் செல்லாமல் போயிருந்தது. எந்த ஏ.டி.எம்.மில் பணம் இருக்கிறது என்று அலைந்தவர்களுக்கு வேறு ஜந்து தேவைப்படவில்லை.

ஜுரம் அப்புறம் தணிந்தது. ஆனால் விளையாட்டு சாகவில்லை. 2023-ல் இந்தி பேச ஆரம்பித்தது. 2024-ல் கடற்கரையில் மட்டும் கிடைக்கிற ஜந்துவுக்காகச் சில கில்லாடிகள் ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்கிற பொது வரைபடத்தில் இல்லாத இடத்தில் எல்லாம் கடற்கரை வரைந்துவைத்தார்கள். அழித்து அழித்துத் தன்னார்வலர்கள் அலுத்துப்போனார்கள்.

அதே 2024 நவம்பரில் நியான்டிக் ஒன்றை அறிவித்தது. உலகத்தின் இடங்களை முப்பரிமாணத்தில் புரிந்துகொள்ளும் செயற்கை அறிவு ஒன்றைத் தயாரிக்கிறோம். அதற்கு ஒரு கோடி இடங்களின் படங்கள் எங்களிடம் இருக்கின்றன. எல்லாம் ஆட்டக்காரர்களும் இன்ன பிறரும் போனைச் சுழற்றி எடுத்துக் கொடுத்தவை. சும்மா நடந்து விளையாடியவர்களுடையதை எடுக்கவில்லை, விரும்பி ஸ்கேன் செய்து கொடுத்தவர்களுடையது மட்டும்தான் என்று விளக்கமும் கொடுத்தார்கள். மனிதன் நடக்கிற உயரத்திலிருந்து, கார் நுழையாத சந்திலிருந்து எடுத்த படங்கள். ரோபோவுக்கு வழிகாட்ட இதைவிட என்ன வேண்டும்?

2025-ல் போகிமான் கோ உள்ளிட்ட விளையாட்டுகளை 350 கோடி டாலருக்கு ஸ்கோப்லி என்கிற நிறுவனத்துக்கு விற்றார்கள். ஸ்கோப்லியின் சொந்தக்காரர் சவூதி அரசின் முதலீட்டு நிதி. ஜான் ஹாங்கி விளையாட்டோடு போகவில்லை. நியான்டிக் ஸ்பேஷியல் என்று புதுக் கம்பெனிக்குத் தலைவரானார். வரைபடத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு.