குருவின் நாற்காலி

ஓபோக் கலைஞர் மார்செல் தபுத்தோ தம் இறுதிக் காலத்தில் பிரான்சின் நீஸ் நகரில் பாடங்களை ஒலிநாடாவில் பதிந்த வரலாறே சென்ற இதழில் அறிவிக்கப்பட்ட பொருள் எனினும், அந்நாடாக்கள் எதைக் காத்தன என்பது விளங்க, 1924 முதல் முப்பதாண்டுகள் பிலடெல்பியாவின் கர்டிஸ் இசைக்கழகத்தில் அவர் கற்பித்த முறையை முதலில் காண வேண்டும். ஓபோ என்பது, நாகசுரம் போலவே, இரண்டு நாணல் தகடுகளைச் சேர்த்துக் கட்டிய சீவாளி வழியே ஊதப்படும் மேலைநாட்டுத் துளைக்கருவி. நுனியில் மட்டும் குறுகச் சீவும் ஐரோப்பிய வழக்கை விட்டு, சீவாளியை அடிவரை நீளச் சீவக் கற்றுத்தந்த தபுத்தோ, சுரங்களுக்கு எண்கள் இட்டு, எண் ஏற ஏற ஒலி செறியவும் இறங்க இறங்கத் தளரவும் வாசிக்கப் பழக்கினார். காளானைத் தோலுரிக்கத் தெரியாதவருக்கு ஓபோ எப்படி வரும் என்ற அவருடைய கேள்வியையே, மாணவி லைலா ஸ்டார்ச் 2008-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றுக்குத் தலைப்பாக்கினார்.

மற்றொரு மாணவர் ஜான் டிலான்சியின் கதையோ எளிதில் கடந்துபோகத் தக்கதன்று. 1945-இல் அமெரிக்கப் படைவீரராக பவேரியாவின் கார்மிஷ் ஊரில் இருந்த அவர், எண்பது வயது இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸைச் சந்தித்து, ஓபோவுக்கென ஒரு கான்செர்ட்டோ, அதாவது தனிக்கருவி முன்னிற்க இசைக்குழு உடன் வாசிக்கும் படைப்பு, எழுத எண்ணியதுண்டா என வினவ, இல்லை என்ற ஒற்றைச் சொல்லோடு பேச்சு முடிந்தது. ஆனால் சில மாதங்களிலேயே ஸ்ட்ராஸ் அதை எழுதினார். தூண்டியவர் சிகாகோவைச் சேர்ந்த ஓபோக்காரர் என்று கைப்படியில் குறித்தும் வைத்தார். ஊர்தான் தவறு: போருக்கு முன் டிலான்சி வாசித்தது பிட்ஸ்பர்க் குழுவில்.

1946-இல் சூரிச்சில் அரங்கேறிய அப்படைப்பின் அமெரிக்க முதல் நிகழ்ச்சி டிலான்சிக்கே உரியதாக ஸ்ட்ராஸ் விரும்பியும் அது நிறைவேறவில்லை. ஏனெனில் அப்போது டிலான்சி பிலடெல்பியா இசைக்குழுவில் சேர்ந்திருந்தார், அங்கே ஓபோவின் முதல் நாற்காலியில் தபுத்தோ இருக்க, இளையவர் முன்வந்து தனியாக வாசிப்பதைக் குழுவின் முறைமை ஏற்கவில்லை. வாய்ப்பு மற்றொரு ஓபோக்காரரான மிட்ச் மில்லருக்குப் போயிற்று. இதில் குற்றவாளி குரு அல்லர், வரிசை மரபுதான். ஆயினும் அந்நாற்காலியின் நிழல் மாணவர்மேல் விழுந்ததை மறுப்பதற்கில்லை. 1954-இல் தபுத்தோ ஓய்வுபெற்றதும் அதே நாற்காலிக்கு வந்த டிலான்சி, 1977 முதல் 1985 வரை கர்டிஸின் இயக்குநராகவும் இருந்தார். தாம் கேட்டுப் பிறந்த கான்செர்ட்டோவை அவர் இசைத்தட்டுக்காகப் பதிவுசெய்தது 1987-இல்தான்.

நீஸ் நாடாக்கள் அடுத்த இதழில்.