வால்வு ரேடியோவும் பாடபேதமும்

தமிழ்நாட்டில் வானொலி வரலாறு என்றால் நிலையங்களின் வரலாறுதான். 1924இல் சென்னை ராஜதானி ரேடியோ கிளப், 1938இல் சென்னை நிலையம், 1939இல் திருச்சி. பேசியவனுக்குத் தேதி இருக்கிறது, கேட்டவனுக்கு இல்லை. கேட்டவனின் வரலாறு எங்காவது மிஞ்சியிருந்தால் அது பெட்டிக்குள்தான் இருக்கவேண்டும். கொடைக்கானலில் பெரியப்பா விட்டுப்போன வால்வு ரேடியோவைப் பழுதுபார்க்க உட்கார்ந்தபோது இது எனக்குத் தெளிவாயிற்று.

ஐந்து வால்வு. மத்திய அலை ஒன்று, சிற்றலை இரண்டு. பின்பலகைக்குள் செருகிய தபாலாபீஸ் லைசென்ஸ் புத்தகம். (கேட்பதற்கு வருஷாவருஷம் அரசுக்குப் பணம் கட்டிய காலம் 1980களின் நடுவில்தான் ஓய்ந்தது.) டயல் ஓரத்தில் ஒட்டிய காகிதத்தில் பென்சில் கோடுகள். அவற்றில் அழுத்தமானது கொழும்பு. 1952இல் பி.வி. கேஸ்கர் அமைச்சராக வந்து ஆகாசவாணியில் சினிமாப் பாட்டை ஒடுக்கியதும் ஜனங்கள் இலங்கைக்குத் திரும்பினார்கள். 1957இல் விவிதபாரதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

லண்டனுக்கு 16 மீட்டரில் ஒரு கோடு, 31 மீட்டரில் ஒன்று. இதற்குக் காரணம் சூரியன். சிற்றலை அயனமண்டலத்தில் பட்டுத் திரும்புவது. அந்த மண்டலத்தை உண்டாக்குவது சூரிய ஒளி. சுமார் 11 ஆண்டுக்கொருமுறை சூரியப்புள்ளிகள் பெருகும்போது தூரத்து நிலையங்கள் குறைந்த மீட்டர்களில் நன்றாக விழும். புள்ளிகள் அருகினால் முள்ளை மறுபக்கம் நகர்த்தவேண்டும். 1957-58இல் புள்ளிகள் பெருகிய அளவு பதிவான சுழற்சிகளிலேயே உச்சம். ஊருக்கு மேலே, 1899இல் நிறுவிய சூரிய ஆய்வுக்கூடத்தில் அதைக் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். 1909இல் எவர்ஷெட் புள்ளிகளுக்குள் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டது அங்கேதான். மேலே தகட்டில் விழுந்ததும் கீழே பென்சிலில் விழுந்ததும் ஒரே சங்கதி. பெரியப்பாவுக்கு இது தெரிந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

பழுது பெரிதல்ல. மலை ஈரத்தில் காகிதக் கண்டென்சர்கள் கசிந்திருந்தன. கசிந்ததை விட்டுவைத்தால் கடைசி வால்வின் கிரிட்டில் மின்னழுத்தம் ஏறி, வால்வு சிவந்து, டிரான்ஸ்பார்மரையும் இழுத்துக்கொண்டு போகும். மாற்றினேன். பழைய கூட்டைக் குடைந்து புதியதை உள்ளே ஒளித்துவைப்பவர்கள் உண்டு. அசல் போலத் தோன்றவேண்டுமாம். இடைச்செருகலைப் பழம்பாட்டாக நடமாடவிடும் பதிப்பாசிரியனின் காரியம் அது. என் கண்டென்சர்கள் மஞ்சளாக, வெளியில் தெரியும்படி இருக்கின்றன.

உண்மையான சிக்கல் டயலில். ஆண்டுகள் போகப்போக ஆஸிலேட்டர் விலகி, முள் அரை அங்குலம் தள்ளிக் காட்டியது. டிரிம்மரைத் திருகினால் சரியாகிவிடும். ஆனால் அந்த விலகலோடுதான் பெரியப்பா கோடு போட்டிருக்கிறார். கருவியைத் திருத்தினால் கேட்டவனின் சாட்சியம் பிழையாகிவிடும். உ.வே. சாமிநாதையர் பாடபேதங்களை அடிக்குறிப்பில் காத்துவைத்தார். டயலில் அடிக்குறிப்புக்கு இடமில்லை. விலகலை அப்படியே விட்டேன். ரேடியோ தெரிந்த நண்பர் ஒருவர் இதைச் சோம்பேறித்தனம் என்கிறார்.

பின்னாளில் கொடைக்கானலே 100.5 மெகாஹெர்ட்ஸில் தென்மாவட்டங்களுக்கெல்லாம் பேச ஆரம்பித்தது. இந்தப் பெட்டியின் சுருள்களுக்கு அது எட்டாது. லண்டன் தமிழோசையின் சிற்றலை 2017 ஏப்ரலோடு நின்றது. 16 மீட்டர்க் கோட்டில் முள்ளை வைத்தால் பெரும்பாலும் இரைச்சல். சூரியன் அனுகூலமாக இருக்கும் மதியங்களில் சீனம் கேட்கிறது.