கட்டளையிட்டோர் பொறுப்பு: வாச்சாத்தியும் குவாங்ஜூவும்

சேர்வராயன் மலையில் கிளியூர் அருவியைக் காண வருவோர் பலர்; அம்மலையின் பழங்குடி மக்களை அறிந்தோர் சிலரே. 'மலையாளி' எனப்படும் இவர்கள் கேரளத்தார் அல்லர். தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். கல்வராயன், சவ்வாது, சித்தேரி மலைகளிலும் இவர்கள் வாழ்கின்றனர். தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தியும் இவர்களது ஊரே.

1992 ஜூன் 20 அன்று, கடத்தப்பட்ட சந்தனக்கட்டைகளைத் தேடுவதாகக் கூறி வனம், காவல், வருவாய்த் துறையினர் அவ்வூருக்குள் நுழைந்தனர். ஊரார் தாக்கப்பட்டனர், வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறையில் அடைக்கப்பட்டனர். மலைவாழ் மக்கள் சங்கத்தின் விடாப்பிடியான போராட்டத்தால் வழக்கு நடுவண் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழும் குற்றஞ்சாட்டப்பட்டோர் 269 பேர். இந்திய வனப்பணி அதிகாரிகள் நால்வரும் அவர்களுள் அடங்குவர். 2011 செப்டம்பர் 29 அன்று, உயிருடன் இருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எஞ்சிய 54 பேர் அதற்குள் இறந்துவிட்டனர்.

ஆயினும் அன்றைய மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் தண்டிக்கப்படவில்லை. அவ்விருவர்மீதும் மாவட்ட வன அலுவலர்மீதும் நடவடிக்கை எடுக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்றுதான் ஆணையிட்டது. நிகழ்வு நடந்து முப்பத்தோர் ஆண்டுகள்!

இங்கே தென்கொரியாவை நினைவுகூர்வது பயன்தரும். 1980 மே மாதத்தில் குவாங்ஜூ நகர மக்களை இராணுவம் சுட்டுக் கொன்றது. இறந்தோருக்கு அரசு சூட்டிய பெயர் 'கலகக்காரர்'. வாச்சாத்தியாருக்குச் சூட்டப்பட்ட பெயர் 'கடத்தல்காரர்'. அவப்பெயர் சூட்டப்பட்டபின் அடிப்பது எளிதாகிறது. அடிபட்டவரின் சொல்லை நம்ப மறுப்பது அதனினும் எளிதாகிறது. ஆனால் கொரிய மக்கள் ஓயவில்லை. காலவரம்பு தடையாகாதவாறு 1995இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. மறு ஆண்டே முன்னாள் அதிபர் சுன் டூ-ஹ்வானுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது ஆயுள் தண்டனையாயிற்று. 1997 டிசம்பரில் அவருக்குப் பொதுமன்னிப்பும் கிடைத்தது. அக்கசப்பை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும் உச்சியில் இருந்தவர் கூண்டில் நிறுத்தப்பட்டார்.

நமது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடமை தவறும் அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. கீழ்நிலையினர் இழைக்கும் குற்றத்துக்கு மேலதிகாரியைப் பொறுப்பாக்கும் தனி விதி அதில் இல்லை. சட்டம் பயிலும் மாணவர்களும் களச் செயல்பாட்டாளர்களும் இணைந்து எழுப்ப வேண்டிய கோரிக்கை இது.